இடது முன் சக்கரம்

என் வீட்டுக்காரர் சகாயத்துக்கு வண்டி வேலையில் தெரியாதது எதுவும் இல்லை. 'முடியாது' என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் "ஆவட்டுங்க" என்பார். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எங்கள் ஷெட். பின்பக்கம் அவர் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் சொல்லிவிட்டு வரும் ஒவ்வொரு 'ஆவட்டுங்க'வுக்கும் நான்தான் போனில் யாரோடாவது மல்லுக்கட்ட வேண்டும். என்னை வாயாடி என்கிறார்கள். அவரைக் கட்டிக்கொண்டு வாயில்லாமல் இருந்தால் கடையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்போம்.

தங்கதுரையின் குவாலிஸ் திங்கட்கிழமை வந்தது. ஊருக்கு வெளியே அவருக்குச் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் இருக்கிறது. பியூஸ் கட்டைகளும் கொலு பொம்மைகளும் செய்கிறார். பாதி நாள் வண்டியின் பின் சீட்டை மடக்கி, மேல்தட்டு வரைக்கும் பெட்டிகளை அடுக்குவார். மீதி நாள் அதே வண்டியில் குடும்பம் போகும். கிலோமீட்டர் நாலு லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது. அவரிடம் டிரைவராக இருப்பவன் என் தம்பி ஆல்பர்ட். ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் முன்பக்கத்தில் பாத்திர மூட்டையைக் கீழே போட்ட மாதிரி சத்தம் வருகிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புதன்கிழமை தங்கதுரையின் மகள் மதிவதனியைக் கைக்குழந்தையோடு வேப்பூர் பக்கம் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஆன பிறகுதான் அவருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார் என் வீட்டுக்காரர். சக்கரம் கையோடு வந்துவிடும் போல ஆடியது. குலுக்கலைத் தாங்கும் புஷ்ஷில் ரப்பர் இருந்த இடத்தில் கறுப்புப் பொடிதான் இருந்தது. இரண்டு ஷாக் அப்சார்பரிலும் ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தது. அதைவிட மோசம் கீழே இருக்கும் பால் ஜாயிண்ட். நம் உடம்பில் இடுப்பு மூட்டு எப்படியோ, வண்டிக்கு அது அப்படி. சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். ஓடும்போது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். அதற்குப் பிறகு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடலாம், அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் மாத்தணுங்க" என்றார் இவர்.

"புதன்கிழமைக்குள்ள முடியுமா சகாயம்?"

"ஆவட்டுங்க."

இரண்டு நாள் விடாமல் வேலை பார்த்தார். புதன்கிழமை காலையில் வலதுபக்கம் முழுக்க முடிந்துவிட்டது. இடதுபக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் புது ஆர்ம், புது ஷாக், புது புஷ் எல்லாம் ஏறிவிட்டன. பால் ஜாயிண்ட்டின் நட்டில்தான் வந்தது வினை. பழைய நட்டு துருப்பிடித்து இறுகிப்போய் உளியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. புது டப்பாவைப் பிரித்தால் உள்ளே இருந்த நட்டு வேறு அளவு. இரண்டு மரை ஏறி அப்படியே நின்றுவிட்டது. அனுப்பியவனை நான் போனில் நாலு வாங்கு வாங்கினேன். திட்டினால் நட்டு வந்துவிடுமா? இவர் நாலு இடம் விசாரித்து, கடலூர் ரோட்டில் ஒரு கடையில் சரியான நட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கதுரை வந்தார். கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு முழம் சாமந்தி.

"சகாயம், பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கெளம்பிடணும். பேரன் மொத தடவ அவங்க வூட்டுக்குப் போறான்."

"ஒரு நட்டு சேரலீங்க. போய் வாங்கியாந்து போட்டா ஒரு மணி ஆயிடும்."

தங்கதுரை வாட்சைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "சரி, ஒண்ணு பண்ணு. நல்ல நேரத்துல வண்டிய மட்டும் ரோட்டுல எறக்கி வெச்சிடு. கெளம்புனதா கணக்கு. மீதி வேலைய அப்புறம் பாரு. ஒன்றரைக்கு மேல ஆளுங்கள ஏத்திக்கலாம்."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, சாவகாசமாக அப்புறம் கிளம்புவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பைக்கு அது சரி. யாரும் பைக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

"வேணாங்கண்ணே, வேல முடியட்டும்" என்று நான் கல்லாவிலிருந்தே கத்தினேன். என் பேச்சு யார் காதில் ஏறியது?

"ஆவட்டுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பத்தடி நகர்வதற்கு இரண்டு மரை போதும் என்று அந்தப் பொருந்தாத நட்டையே கையால் முடுக்கி, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கினார். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றது. தங்கதுரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. சம்பந்தி வீட்டுக்குப் பழம் வாங்கப் போகிறேன் என்று பைக்கில் கிளம்பினார். இவர் நட்டு வாங்கக் கிளம்பினார். சாவி வண்டியிலேயே இருந்தது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற ஆட்கள். ஆனாலும் எங்கள் ஷெட் வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்கு அளவே இல்லை. இந்த ஊரில் வேலை எல்லாம் முடிந்து, கை கழுவி, கடைசியாகத்தான் பழம் வைப்பார்கள். பாதி வேலையில் பழம் வைத்த வண்டியை யாரும் பார்த்ததில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

நான் உள்ளே போய், அதே அளவு நட்டு நம்மிடமே எங்காவது கிடக்கிறதா என்று ரேக்கின் பின்னால் குடைந்துகொண்டிருந்தேன். வெளியே குவாலிஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அதற்குள் இவர் வந்துவிட்டாரா, வண்டியை உள்ளே எடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையில் புது நட்டு.

"நான்சி, வண்டி எங்க?"

"நீங்கதானே எடுத்தீங்க?"

இருவரும் வாசலுக்கு ஓடினோம். அங்கே நாலு பழங்கள் தட்டையாகக் கிடந்தன. வண்டி இல்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. 'பன்னெண்டுக்குள்ள கெளம்பணும்' என்று காலையில் ஆல்பர்ட்டிடம் சொன்ன தங்கதுரை, ஏற்பாட்டை மாற்றியதைச் சொல்லவில்லை. அவன் வந்திருக்கிறான். நசுங்கிய பழத்தையும் கருகிய கற்பூரத்தையும் பார்த்திருக்கிறான். சாவி தொங்குகிறது. நேரமாகிவிட்டதே என்று எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறான்.

ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று வேளாங்கண்ணி மாதா படத்தின் மேல் கை வைக்கச் சொல்லி அவனிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான். மற்றதில் எல்லாம் என் பேச்சை மீறுகிற பயல், இதில் மட்டும் ஒழுங்காக இருந்து தொலைத்தான்.

தங்கதுரை எடுத்தார். "கெளம்பிட்டாங்களேம்மா! பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள வூட்ட வுட்டுட்டோம்னு என் சம்சாரம் கனகா வண்டியிலேந்து போன் பண்ணா. சகாயம் சொன்ன மாரி முடிச்சிட்டாரே."

"முடிக்கலண்ணே" என்றேன். "அந்த நட்டு இன்னும் போடல."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஐயோ! பொண்ணு இருக்குது, கொழந்த இருக்குது! இரு, இப்பவே போன் போட்டு நிறுத்தச் சொல்றேன்!"

"போடாதீங்க!" நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்க கத்துனா அவன் பயந்து பிரேக்க அழுத்துவான். அழுத்துனா சக்கரம் போயிடும். மதியோட நம்பர மட்டும் குடுங்க. நாங்க பேசறோம்."

கொடுத்தார். இவர் ஸ்பானர் பையை என் மடியில் போட்டுவிட்டு பைக்கை உதைத்தார். வேப்பூர் ரோட்டில் எவ்வளவு பள்ளம் என்று கடை நடத்துகிற எனக்குத் தெரியாதா? அந்தப் பள்ளங்களால்தான் எங்களுக்குச் சோறு. அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்தையும் பைக் தாண்டும்போது, இதில் அந்த இடது சக்கரம் இறங்கியிருக்குமே, இறங்கியும் தப்பித்திருக்குமா என்று எண்ணிக்கொண்டே போனேன்.

ஊரைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பைக் சத்தத்தில் பேச முடியாது. மதிவதனி எடுத்தாள்.

"மதி, ஷெட்டு நான்சி அக்கா பேசறேன். கொழந்த தூங்குதாம்மா?"

"தூங்கறான்க்கா. என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. நீ முன்னாடி உக்காந்திருக்கியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். காத்து வருதுன்னு அம்மா சொன்னாங்க."

முன்னால், இடது பக்கம். அந்தச் சக்கரத்துக்கு மேலேயே. மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"கொழந்தய நல்லா அணைச்சுப் புடிச்சிக்க. போன ஸ்பீக்கர்ல போட்டு ஆல்பர்ட்டு பக்கம் காட்டு."

போனை இவரிடம் கொடுத்தேன். இவர் குரல் எப்போதும் போலத் தணிவாகத்தான் இருந்தது. கை மட்டும் பைக்கின் டேங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஆல்பர்ட்டு, மாமா பேசறேன். பதில் சொல்லாம சொல்றத மட்டும் கேளு. ஆக்சிலேட்டர்லேந்து கால எடு. பிரேக்க தொடாத. ஸ்டீரிங்க நேரா புடி, ஒடிக்காத."

"மாமா, இன்னாச்சு? டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு. புது புஷ்ஷு, செட் ஆவுதுன்னு நெனச்சேன்."

"அப்புறம் பேசலாம். எத்தினி ஸ்பீடு?"

"நாப்பத்தஞ்சு. மாமா, முன்னாடி ஸ்கூலு வருது. ஸ்பீட் பிரேக்கர் இருக்குது."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "எவ்ளோ தூரம்?"

"தெரியுது மாமா. கிட்டதான்."

"கியர கொறைச்சிக்கிட்டே வா. மூணு போடு. கிளட்ச மெதுவா வுடு. ரெண்டு. வேகம் கொறையுதா?"

"பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான் மாமா."

"அடிக்கட்டும். ஓரம் கட்டாத, மண்ணுல எறங்காத. நேரா வா. நடக்கற வேகத்துக்கு வந்தப்புறம் கைபிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழு."

லாரியின் ஹாரன் எங்கள் போனிலும் அலறியது. குழந்தை வீறிட்டு அழுதது. "இன்னாடா பண்றே ஆல்பர்ட்டு?" என்று கனகாவின் குரல். பிறகு மடார் என்று ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டது.

நான் பைக்கில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அழுதேன் என்பது மட்டும் தெரியும். இவர் முதுகில் கையால் அடித்துக்கொண்டே போனேன். "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல இன்னா கேடு? ஒரு வார்த்த!" அவர் திரும்பவே இல்லை. அவர் அழுகிறாரா என்று பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வளைவு திரும்பியதும் குவாலிஸ் தெரிந்தது. ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு, நாலு சக்கரத்திலும் நேராக நின்றிருந்தது. முன் பம்பருக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். லாரிக்காரன் எதையோ சொல்லித் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். மதிவதனியின் போன் நழுவிக் கீழே விழுந்த சத்தம்தான் எங்களுக்கு மடார் என்று கேட்டிருக்கிறது.

ஓடிப்போய் ஆல்பர்ட்டை ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"பழம் நசுங்கிக் கெடந்துச்சுக்கா" என்றான். "அதுக்கப்புறமும் வேல பாக்கி இருக்கும்னு யாரு நெனைப்பா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கனகாவும் மதிவதனியும் இறங்கி வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். இவர் வண்டியிலிருந்த ஜாக்கியை வைத்து, சக்கரத்தைக் கழற்றி, குனிந்து பார்த்தார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். நட்டு இல்லை. வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. மூட்டின் தண்டு அதன் துளையில் சும்மா செருகிக்கொண்டு நின்றது. அந்த ஸ்பீட் பிரேக்கரில் ஒரு தடவை எம்பியிருந்தால் போதும்.



இவர் புது நட்டைப் போட்டார். ஸ்பானரின் பிடியில் பைப்பைச் செருகி முழு பலத்தோடு முறுக்கினார். நட்டு கழலாமல் இருக்க ஸ்ப்ளிட் பின்னைக் குறுக்கே செருகி இரண்டு முனையையும் மடக்கினார். மடக்கியதை மறுபடி ஆட்டிப் பார்த்தார். சக்கரத்தை மாட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிடுச்சுங்க."

கனகா பையை எடுத்தார். மதிவதனி நகரவில்லை. குழந்தை அவள் தோளில் விக்கிக்கொண்டிருந்தது.

"ஷெட்லயும் இப்பிடித்தானேண்ணா ஆயிடுச்சுன்னு அனுப்புனீங்க?"

"அங்க ஆயிடுச்சுன்னு நான் சொல்லலம்மா."

"சொல்லல. பழம் வெச்சீங்க."

இவர் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். அதற்குள் தங்கதுரை பைக்கில் வந்து இறங்கினார். ஹேண்டிலில் ஆப்பிள் பை தொங்கியது. மகளைப் பார்த்து, பேரன் தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷன் பயந்தது உண்மை. ஆனால் பழக்கம் எங்கே போகும்? கை தானாக வாட்சுக்குப் போனது.

"நடந்தது நடந்துபோச்சு. இப்ப ராகு காலம், யாரும் வண்டிய எடுக்க வேணாம். ஒன்றரை வரைக்கும் இப்பிடியே மரத்தடியில..."

"நல்ல நேரத்துலதானேப்பா கெளம்புனோம்" என்றாள் மதிவதனி.

சத்தம் போடவில்லை, கோபம்கூட இல்லை. அவர் கை வாட்சிலிருந்து இறங்கியது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க ஓட்டுங்க. அக்கா நான் உக்காந்திருந்த எடத்துல உக்காரட்டும். இந்த ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்துங்க. அதுக்கப்பால பள்ளம் இருக்குது பாருங்க, அதுல எறக்குங்க. போயிட்டு வாங்க, நான் பாக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் வேலையைச் சோதிக்க இவள் யார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் குழந்தையின் முதுகில் இருந்த அவள் கையைப் பார்த்தேன். தட்டிக் கொடுப்பதாக நினைத்திருந்தேன். அது அவன் சட்டையைக் கசக்கி இறுக்கிப் பிடித்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன்.

என் இடது காலுக்கு முன்னால், இந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம் அந்தச் சக்கரம். ஊரார் வண்டிக்கெல்லாம் பால் ஜாயிண்ட்டை விற்றவள் நான். அது எங்கே இருக்கிறது என்பதை உடம்பால் அறிந்தது அன்றைக்குத்தான். வண்டி ஸ்பீட் பிரேக்கரில் ஏறியது. இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். சத்தமில்லை. பள்ளம் வந்தது. இவர் ஒதுக்கவில்லை, நடுவிலேயே இறக்கினார். வண்டி குனிந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

"பயமா இருக்குதா?" என்றார்.

"நீங்க போட்ட நட்டுதானே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பயமாகத்தான் இருந்தது. போகும்போதும் இருந்தது, திரும்பி வரும்போதும் இருந்தது.

"அந்தாளுகிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கணும் நான்சி."

என் வாழ்க்கையில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பதிலுக்குக் குத்திக்காட்ட ஆயிரம் இருந்தது. எதையும் சொல்ல மனசு வரவில்லை.

மரத்தடியில் நிறுத்தினார். மதிவதனி குழந்தையோடு வந்து குனிந்து, அந்தச் சக்கரத்தை நிதானமாகப் பார்த்தாள். நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"எறங்காதீங்கக்கா."

நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்க மாமியார் வூடு வரைக்கும் நீங்க அங்கயே உக்காந்து வாங்க. அண்ணனே ஓட்டட்டும்." சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து, குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நடு சீட்டில் ஏறினாள். கனகா அவள் பக்கத்தில் ஏறினார். தங்கதுரை கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். ஆல்பர்ட் இரண்டு பைக்குக்கும் காவலாக மரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

அங்கே ஷெட் திறந்து கிடந்தது. கல்லாவைக்கூட நான் பூட்டவில்லை. யார் கேட்டாலும் 'ஆவட்டுங்க' என்கிற மனுஷன், அன்றைக்கு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி என் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.